ரசீது யார் பெயரில்?

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். கல்லூரி அலுவலகத்தில் வருமான வரிக் கணக்குக்கான படிவங்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்.ஐ.சி. ரசீது, வீட்டுக் கடன் சான்று, பிள்ளைகளின் ஃபீஸ் ரசீது என்று ஆளாளுக்கு ஒரு கற்றையோடு வரிசையில் நின்றோம். என் கற்றையில் இரண்டு தாள்கள். ஒன்று, நர்சிங் படித்துக்கொண்டிருந்த அக்கா மகளின் கல்லூரிக் கட்டண ரசீது. இன்னொன்று, அவளுடைய கல்விக் கடனுக்கு நான் கட்டிய வட்டிக்கான வங்கிச் சான்று. அலுவலகத் தம்பி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உங்க பொண்ணா மேடம்?”

“அக்கா பொண்ணு.”

“அப்ப வராது மேடம். சொந்தப் புள்ளையா இருக்கணும். இல்லேன்னா நீங்க கார்டியனா இருக்கணும். கோர்ட்ல எழுதி வாங்கியிருக்கீங்களா?”

அவன் கேலி செய்யவில்லை, விதியைச் சொன்னான். தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. அக்கா மகள் ‘சொந்தப் பிள்ளை’ இல்லை என்பதை ஒரு சட்டம் என்னிடம் சொல்லியது மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் ஊர் ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில். வீட்டில் பட்டுத் தறி. அப்பா இறந்த வருடம் அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். 1993. நல்ல மதிப்பெண். தறிக்கு அம்மாவோடு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது, அக்கா தறிக்குழியில் இறங்கினாள். எனக்கு அப்போது பதினான்கு வயது. மூன்று வருடம் கழித்து நான் பிளஸ் டூ முடித்தபோது, அதே காரணத்துக்காக நானும் இறங்கியிருக்க வேண்டும். அக்கா விடவில்லை. “இந்தக் குழிக்குள்ள ரெண்டு பேரு எதுக்கு? நீ போய்ப் படி” என்றாள். பி.ஏ., எம்.ஏ., எம்.ஃபில்., பிறகு முனைவர் பட்டம் என்று என் படிப்பு பன்னிரண்டு வருடம் நீண்டது. அத்தனை வருடமும் சேலைக் கூலி வந்த நாளில்தான் எனக்குப் பேருந்துக் காசும் புத்தகக் காசும் வந்தன. அரசு என் பங்குக்குக் கொடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். நாகம்மையார் பெயரில் இருந்த திட்டத்தால் பட்டப்படிப்பில் எனக்குக் கல்விக் கட்டணம் இல்லை. கட்டணத்தை அரசு பார்த்துக்கொண்டது. மீதியை எல்லாம் அக்கா பார்த்துக்கொண்டாள்.

உயர்கல்விக்குச் செலவழிப்பவரை ஊக்குவிக்க வருமான வரிச் சட்டம் இரண்டு முக்கியமான கதவுகளை வைத்திருந்தது. ஒன்று 80சி பிரிவு. அதில் கல்விக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். விடுதிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், நன்கொடை எதுவும் சேராது. வருங்கால வைப்பு நிதி, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் உச்சவரம்பு. இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்குத்தான் விலக்கு, தன் படிப்புக்குக் கிடையாது, கணவன் மனைவியின் படிப்புக்கும் கிடையாது. மூன்று வயதுக் குழந்தையின் நர்சரிக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். அதே குழந்தையின் தாய், திருமணத்தால் பாதியில் விட்ட எம்.ஏ.வைத் தொடர்ந்தால், அவள் சம்பளத்திலிருந்து அவளே கட்டும் கட்டணத்தைக் கழிக்க முடியாது. அவள் படிப்பு செலவு. குழந்தையின் படிப்பு சேமிப்பு.

இரண்டாவது கதவு 80இ. உயர்கல்விக்காக வாங்கிய கடனின் வட்டியை எட்டு வருடம் வரை, உச்சவரம்பில்லாமல் கழித்துக்கொள்ளலாம். இங்கே தன் படிப்புக்கும் இடம் உண்டு, கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. நீதிமன்றம் காப்பாளராக நியமித்திருந்தால் அந்த மாணவருக்கும் உண்டு. உடன்பிறந்தவர்களுக்கு இல்லை. தம்பியைப் படிக்கவைத்த அக்காக்களும், தங்கையைப் படிக்கவைத்த அக்காக்களும், அக்கா மகளைப் படிக்கவைக்கும் சித்திகளும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் ஊரில் எத்தனை ஆண்களின் பட்டத்துக்குப் பின்னால் தீப்பெட்டி ஒட்டிய அக்கா, பீடி சுற்றிய அக்கா, மில்லுக்குப் போன அக்கா இருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். சட்டத்தில் ‘உறவினர்’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதியவருக்கு அப்படி ஓர் அக்கா இல்லாமல் இருந்திருக்கலாம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வட்டி கட்டுகிறவர் முப்பது சதவீத அடுக்கில் இருந்தால், நான்கு சதவீத செஸ்ஸையும் சேர்த்து, அவருக்கு 31,200 ரூபாய் மிச்சம். ஐந்து சதவீத அடுக்கில் இருந்தால் அதைவிட மிகக் குறைவு. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத என் அக்காவுக்குப் பூஜ்யம். கடன் பத்திரத்தில் அக்கா மகளும் அக்காவும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சட்டம் சொல்லும் தகுதி அக்காவுக்கு இருக்கிறது, வருமானம் இல்லை. வருமானம் எனக்கு இருக்கிறது, தகுதி இல்லை. (அந்தக் கையெழுத்துக்கும் ஒரு கதை உண்டு. வங்கியில், “அப்பா எங்கே, அவர் கையெழுத்து வேணுமே” என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மாமா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டவர். நான்காவது முறை அக்கா அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கவில்லை.)

பொருளாதார அறிஞர்கள் இந்த விஷயத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நான் தமிழ் படித்தவள், புரிந்த அளவில் சொல்கிறேன். ஆடம் ஸ்மித் 1776இல் வெளிவந்த தன் புத்தகத்திலேயே, பாடுபட்டுத் தொழில் கற்ற மனிதனை விலையுயர்ந்த இயந்திரத்தோடு ஒப்பிட்டார். போட்ட பணத்தை அது திரும்ப ஈட்டித் தர வேண்டும். (பெண்களுக்குப் பொதுப் பள்ளிகள் இல்லாததால் அவர்கள் வீணான எதையும் கற்பதில்லை, வீட்டுக்கு வேண்டியதைப் பெற்றோரே கற்பித்துவிடுகிறார்கள் என்ற பொருளிலும் அதே புத்தகத்தில் எழுதினார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.) இருபதாம் நூற்றாண்டில் தியோடர் ஷூல்ட்ஸும் கேரி பெக்கரும் இதை ‘மனித மூலதனம்’ என்ற கோட்பாடாக வளர்த்தார்கள். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் சொல்லும் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. படிப்பின் பெரிய செலவு கட்டணம் அல்ல. படிக்காமல் இருந்திருந்தால் அந்தக் காலத்தில் சம்பாதித்திருக்கக்கூடிய கூலிதான். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. திருவண்ணாமலையில் பாடம் நடத்துகிற எவருக்கும் தெரியும், பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பு பாதி காலியாக இருக்கும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவெல்லாம் நடக்கும் கூட்டத்துக்கு எலுமிச்சைச் சாதமும் தண்ணீர் பாட்டிலும் பூவும் நெய்விளக்கும் விற்கும் கடைகளில் என் மாணவிகள் உட்கார்ந்திருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு ‘ஆப்சென்ட்’. படிப்பு அவர்களிடம் என்ன விலை கேட்கிறது என்று அந்த ஒரு நாள் காட்டிவிடும்.

இனி வரிக்கு வருவோம். படித்தபின் வரும் சம்பளத்தில் அரசு ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் படிப்பின் ஆதாயம் குறையும். ஆனால் படிப்புக்காக இழந்த கூலியிலும் அரசு அதே ஐந்தில் ஒரு பங்கை எடுத்திருக்கும் என்றால், இழப்பும் அதே அளவுக்குக் குறைவுதான். எனவே எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வரி போட்டால், படிப்பதா வேண்டாமா என்ற முடிவை அது பெரிதாக மாற்றாது. விகிதம் ஏற ஏற, படித்து அதிகம் சம்பாதிப்பவரை வரி கொஞ்சம் தடுக்கும். கட்டணம்போல நேரடியாகக் கையிலிருந்து போகும் பணத்துக்குக் கழிவு இல்லை என்றாலும் தடுக்கும். அதற்காகத்தான் 80சி, 80இ போன்ற கதவுகள். வாதம் நேராகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வாதத்தில் இருக்கும் மாணவன் ஓர் ஆண். அவன் படிக்காத நேரத்தில் கூலி வேலைக்குப் போவான், அந்தக் கூலியில் வரி பிடிப்பார்கள். என் மாணவி படிக்காத நேரத்தில் என்ன செய்வாள்? தண்ணீர் எடுப்பாள், சோறாக்குவாள், தம்பியைப் பார்த்துக்கொள்வாள், படுத்த படுக்கையான ஆயாவைக் குளிப்பாட்டுவாள். அதற்குக் கூலியும் இல்லை, வரியும் இல்லை. அவள் கல்லூரிக்குப் போகும்போது வீடு இழப்பது இந்த உழைப்பை. அவள் படித்து முடித்தபின் எதிரே நிற்பதும் அதே தராசுதான். வெளியே வேலைக்குப் போனால் சம்பளத்தில் வரி, குழந்தையைப் பார்க்க ஆளுக்குச் சம்பளம், பேருந்து. வீட்டிலேயே இருந்தால் எதுவும் பிடித்தமில்லை. வரி கட்டாத ஒரே தொழிற்சாலை வீடு. அதனால் வரி என்பது, யாரும் திட்டமிடாமலேயே, படித்த பெண்ணை வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக்கொண்டேயிருக்கிறது. ஜெர்மனியில் 1958 முதல் கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துப் பாதியாகப் பிரித்து வரி போடும் முறை இருக்கிறது. கணவன் அதிகம் சம்பாதித்தால், மனைவியின் முதல் ரூபாயே உயர்ந்த விகிதத்தில் வந்து நிற்கும். இந்தியாவில் கணவனுக்குத் தனிக் கணக்கு, மனைவிக்குத் தனிக் கணக்கு. இந்த ஒன்றை நம்மவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். சம்பாதிக்கும் பெண்ணுக்கு வரிவிலக்கு வரம்பு சற்றுக் கூடுதலாக வைத்த காலமும் இருந்தது. 2010-11இல் ஆணுக்கு 1,60,000, பெண்ணுக்கு 1,90,000. அடுத்த வருடம் ஆணுக்கு 1,80,000 ஆக்கி இடைவெளியைப் பத்தாயிரமாகச் சுருக்கினார்கள். அதற்கடுத்த வருடம் இருவருக்கும் இரண்டு லட்சம். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அப்போது நான் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம் இருந்த அந்த வேலையின் சம்பளத்துக்கு எந்த வரம்பும் எட்டாத உயரம், ஆகவே நானும் கேட்கவில்லை.

அரசு போடும் வரியைவிடக் கடுமையானது வீடு போடும் வரி. 1961 முதல் வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கிறது, வரதட்சணையும் இருக்கிறது. பத்தாவது படித்தவளுக்குப் பத்து பவுன் என்றால், பட்டம் வாங்கியவளுக்கு அவளைவிட அதிகம் படித்த மாப்பிள்ளை, அவனுக்கு முப்பது பவுன். பெண்ணின் படிப்பு கூடக் கூட விகிதமும் கூடும். ஒரு தாய் என்னிடம் நேராகவே சொன்னார்: “எம்.எஸ்சி. வேணாம் மேடம், அப்பறம் அதுக்கேத்த பையனுக்கு நான் எங்க போவேன்?” அவரை நான் திட்டவில்லை. திட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை? அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டு அரசு நன்றாக அறிந்திருந்தது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் இன்ன வகுப்புவரை படித்திருந்தால் கல்யாணத்துக்குப் பணம். பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பத்தாவது முடித்தவளுக்கு 25,000, பட்டம் முடித்தவளுக்கு 50,000, 2016க்குப் பிறகு எட்டு கிராம் தங்கம். வீடு போடும் வரிக்கு அரசு கொடுத்த கழிவு என்று இதைச் சொல்லலாம். பலன் இல்லாமல் போகவில்லை. “பத்தாவது மட்டும் முடிச்சிடட்டும், தங்கம் வரும்” என்று பள்ளிக்குத் திரும்ப அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடி, அந்த மோசடியை நாவலாகவும் எழுதிய ஒரு பெண்ணின் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்ததை இன்று வரை என்னால் செரிக்க முடியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்கு அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை. நான் செய்துகொள்ளவில்லை.

2022இல் அது மாறியது. அதே அம்மையார் பெயரில் புதுமைப் பெண் திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ படித்து முடிக்கும் வரை மாதம் ஆயிரம் ரூபாய். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது தொகை அல்ல, அது போய்ச் சேரும் இடம். பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வருகிறது. அவள் படிக்கும்போதே வருகிறது, அவளை ஒருவன் ஏற்றுக்கொள்ளும் நாள்வரை காத்திருப்பதில்லை. செங்கத்துப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, ஆயிரம் ரூபாய் வந்த அன்று முதன்முதலாகத் தனக்கென்று செருப்பு வாங்கினாள். ஒரு வருடம் அண்ணனின் பழைய செருப்போடு வந்தவள். இன்னொருத்தியின் ஏ.டி.எம். அட்டை அப்பாவிடம் இருந்தது. டாஸ்மாக் மூலம் அரசுக்கு வருடத்துக்கு நாற்பதாயிரம் கோடிக்கு மேல் வருகிறது. அவளுடைய ஆயிரம், அரசிடமிருந்து புறப்பட்டு அவள் அப்பா வழியாக அரசிடமே திரும்பிக்கொண்டிருந்தது. அட்டையை மாற்றி வாங்க வங்கிக்கு நான் உடன் போனேன். அன்று இரவு அவள் வீட்டில் என்ன நடந்தது என்று மறுநாள் அவள் கன்னத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உடன் போனது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன். அவளிடம் கேட்டேன். “அட்டை எங்கிட்டதான் இருக்கு மேடம்” என்றாள்.

முதல் பட்டதாரிச் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்கல்வி படிக்கப்போகும் பிள்ளைக்குக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒருவர். அண்ணன் அதில் பொறியியல் சேர்ந்துவிட்டால் தங்கை ‘முதல்’ இல்லை. அலகு குடும்பம் என்று ஆனவுடனே வரிசையில் யார் முதலில் நிற்பார் என்று சொல்லவா வேண்டும்?

ஒரு பெண் படிக்கிறாள் என்றால் அவள் வீட்டை விட்டு வெளியே வந்து எங்கோ தங்கியாக வேண்டும். ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து தினமும் இறங்கி ஏற முடியாது. 2024க்கு முன் இந்தத் தங்குமிடம் ஒரு வழக்காகியது. வீடாகக் குடியிருக்க வாடகைக்கு விட்டால் ஜி.எஸ்.டி. இல்லை. பெண்கள் விடுதி வீடா? முன்தீர்ப்பு வழங்கும் அதிகார அமைப்பு, இல்லை, அது வணிகம், 18 சதவீதம் கட்டு என்றது. விடுதி நடத்தியவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் தீர்ப்பு. விலக்கு உண்டா என்பதை விடுதி நடத்துகிறவரின் பக்கமிருந்து பார்க்கக் கூடாது, அங்கே தங்குகிறவரின் பக்கமிருந்து பார்க்க வேண்டும், தங்குகிறவளுக்கு அது குடியிருப்பு என்றது நீதிமன்றம். அதே ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சிலும், மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து தொண்ணூறு நாளாவது தங்கினால் வரி இல்லை என்று முடிவெடுத்தது.

வரிச் சட்டம் தொடர்பான ஒரு தீர்ப்பைப் படித்து நான் நெகிழ்ந்தது அந்த ஒரு முறைதான். நானும் ஐந்து வருடம் விடுதியில் இருந்தவள். ஆறு பேருக்கு ஓர் அறை, தகரப் பெட்டி, ஜன்னல் கம்பியில் காயும் பாவாடை. ஊருக்குப் போனால் “எப்ப வீட்டுக்கு வந்த?” என்று கேட்பார்கள். எனக்குள் அந்தத் தகரப் பெட்டி இருந்த இடம்தான் வீடாக இருந்தது. வெளியே சொன்னால் திமிர் என்பார்கள். கட்டிலும் பெட்டியும் வைத்த அந்த ஆறடி இடத்தை ‘வசிப்பிடம்’ என்று நீதிமன்றம் எழுதியதைப் படித்தபோது, முப்பது வருடம் தாமதமாக யாரோ என் பக்கம் பேசியதுபோல் இருந்தது.

இப்போது அலுவலகத்தில் நிலைமை வேறு. 2020இல் அறிமுகமான புதிய வரி முறைதான் 2023-24 முதல் இயல்பான முறை. அதில் 80சியும் இல்லை, 80இயும் இல்லை. 2025-26க்கு, பன்னிரண்டு லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்றும் ஆக்கிவிட்டார்கள். “இனிமே ரசீதெல்லாம் வேணாம் மேடம்” என்கிறான் அதே தம்பி. யார் மகள், யார் அக்கா மகள் என்று எவரும் கேட்பதில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு யோசித்தேன். அந்தக் கதவு எனக்குத் திறந்ததில்லை, அதனால் மூடியதற்கு நான் அழ வேண்டியதில்லை. ஆனால் அதன் வழியே போன பணம் என் மாணவிகளின் பக்கம் திரும்பியதா? செஸ் மட்டும் நிற்கவில்லை. 2004இல் கல்விக்கென்று இரண்டு சதவீதம், 2007இல் உயர்கல்வியைச் சேர்த்து இன்னும் ஒன்று, 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து நான்கு. செஸ் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. என் மாணவிகள் படிக்கும் கல்லூரிகளை நடத்துவதோ மாநிலம்.

வரி கட்டுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. முனைவர் பட்டம் வாங்கியவளின் சம்பளத்தில் அரசு ஒரு பங்கு கேட்பது நியாயம். என் வயதுப் பெண்கள் தறியிலும் வயலிலும் இருந்துகொண்டு வாங்கிய சோப்பிலும் எண்ணெயிலும் கட்டிய வரியில்தான் எனக்குக் கட்டணம் இல்லாமல் போனது. அந்தக் கடனை நான் மாதாமாதம் அடைக்கிறேன், எனக்குத் தெரியாமலேயே சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அடைக்கத் தெரியாமல் இருப்பது அக்காவின் கடன்தான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு எங்களுக்குள் சண்டை. அம்மாவின் மருத்துவச் செலவில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிற்று. அக்கா சட்டென்று கேட்டாள்: “நீ படிச்சதால எனக்கு இன்னாடி கெடச்சுது?” கேரி பெக்கர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பணம் போட்டது ஒருத்தி, ஆதாயம் இன்னொருத்திக்கு. அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவள் கணக்குக்கு ஐம்பதாயிரம் ரூபாய் அனுப்பினேன். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. ஃபோன் செய்தாள். “நான் கேட்டது துட்டு இல்ல” என்றாள். வேறு என்ன என்று கேட்டேன். “தெரியல” என்றாள். அவள் அன்று தறிக்குழியில் இறங்கியதை நான் தியாகம் என்று கவிதைகளில் எழுதியிருக்கிறேன். அவளை யாராவது கேட்டார்களா என்று ஒரு கவிதையிலும் எழுதவில்லை.

அக்கா மகள் இப்போது வேலூரில் நர்ஸாக இருக்கிறாள். கடனை அவளே கட்டுகிறாள். போன வருடம் அக்கா என்னிடம் வந்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு சேர வேண்டும் என்றாள். ஐம்பது வயதில், முதுகுவலியோடு. என்ன பயன் என்று ஊரில் கேட்கிறார்கள். எந்தக் கணக்கிலும் இந்தப் படிப்புக்கு ஆதாயம் வராது. வேலைக்குப் போகப்போவதில்லை, வரி கட்டப்போவதில்லை. “எங்கூர்க் கோட்டைய யாரு கட்னான்னு தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்” என்கிறாள். ஆரணிக் கோட்டையின் பக்கமாகத்தான் அவள் வாழ்நாள் முழுவதும் சேலை கொடுக்கப் போய்வந்திருக்கிறாள்.

கட்டணத்தை நான் கட்டினேன். ரசீதைக் கொடுக்கப் போனால், “நீயே பத்ரமா வை, உங்க ஆபீஸ்ல கேப்பாங்க இல்ல?” என்றாள்.

கேட்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.